முதல் குறும்படம் முடிந்தாயிற்று. ஷாட் வைக்கப் பழக இனி எந்த வழி?

முதல் குறும்படத்தைக் கல்லூரித் துறையில் திரையிட்டு முடித்த விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, அடுத்த படத்துக்குள்ள ஷாட்டெல்லாம் நல்லா வரணும். என்ன பண்ணலாம்?" கதை நன்றாகவே இருந்திருக்கும், நடித்த நண்பர்களும் குறை வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பெரிய திரையில் பார்த்தபோது காட்சி ஒட்டவில்லை என்பது எடுத்தவர்களுக்கே தெரிந்துவிடும். கல்லூரி முடிவதற்குள் இறுதியாண்டுப் படம் எடுத்தாக வேண்டும். நடுவில் இருப்பது நான்கைந்து மாதம், கையில் கொஞ்சம் பணம், கூட இரண்டு மூன்று நண்பர்கள். இதையெல்லாம் எதில் போடுவது?

நான் படத்தொகுப்பாளன். மாணவர் படங்கள் நிறைய என் மேசைக்கு வருகின்றன. எடுத்தவர் மனதில் என்ன காட்சி ஓடியது என்பது எனக்குத் தெரியாது. மெமரி கார்டில் என்ன வந்திருக்கிறதோ அதுதான் தெரியும். அங்கிருந்து பார்க்கும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படும் குறைகள் சில உண்டு. ஒரு மேசையின் இரு பக்கம் உட்கார்ந்து இருவர் பேசுகிறார்கள். முகத்தை நெருங்கிக் காட்டும் க்ளோஸ் ஷாட்டில் இருவருமே திரையின் வலது பக்கம் பார்க்கிறார்கள். இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டிவிட்டது, அதாவது லைன் கிராஸ் ஆகிவிட்டது. எதிரெதிரே இருப்பவர்கள் மூன்றாவது ஆள் ஒருவரைப் பார்ப்பது போலத் தெரிகிறார்கள். இடுப்புக்கு மேல் காட்டும் மிட் ஷாட்டையும் க்ளோஸையும் ஒரே கோணத்தில், கொஞ்சம் மட்டும் முன்னால் தள்ளி எடுத்திருக்கிறார்கள். ஒட்டினால் படம் துள்ளுகிறது. கேமராவை 30 டிகிரியாவது நகர்த்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஷாட்டின் அளவையாவது நன்றாக மாற்றியிருக்க வேண்டும். பேசுகிறவர் முகம் முழுக்க இருக்கிறது, கேட்கிறவர் முகம் ஒரு விநாடி கூட இல்லை. கதவைத் திறக்கும் ஷாட், கை தாழ்ப்பாளில் பட்ட பிறகுதான் தொடங்குகிறது. கதவு முழுசாகத் திறப்பதற்குள் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டார்கள். வெட்ட இடமே இல்லை.

இவற்றில் எதுவும் கேமராவின் விலையால் வந்ததில்லை. இந்த ஷாட்டுக்கு முன்னால் எது வரும், பின்னால் எது வரும் என்று எடுக்கும்போது நினைக்காததால் வந்தவை. ஷாட் வைக்கத் தெரிவது என்று நான் சொல்வது இந்த நினைப்பைத்தான். ஆகவே எந்த வழியைச் சொன்னாலும் நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். கேமராவை எங்கே வைப்பது என்ற முடிவு உங்கள் கையில் இருக்கிறதா? எடுத்ததைக் காட்சியாக ஒட்டிப் பார்க்க எத்தனை நாள் ஆகிறது?

மாணவர்கள் முதலில் யோசிப்பது கேமரா வாங்குவதைத்தான், அதிலிருந்தே தொடங்கலாம். வீட்டில் கேட்டு, பகுதிநேர வேலை பார்த்து, ஒரு மிரர்லெஸ் கேமரா உடலும் எஃப் 1.8 திறப்புள்ள 50 மி.மீ. லென்ஸும் வாங்கிவிடுகிறார்கள். அந்த லென்ஸ் விலை குறைவு, பின்னணி அழகாகக் கரையும். ஆனால் மாணவர்கள் வாங்கக்கூடிய கேமராக்களில் பெரும்பாலானவை ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் உள்ளவை. அதில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டால் பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவில் 75 முதல் 80 மி.மீ. போட்டது போன்ற குறுகலான பார்வைதான் கிடைக்கும். சென்னையில் ஒரு வாடகை வீட்டின் படுக்கையறை பத்துக்குப் பத்து அடி. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் முகத்துக்கும் தோளுக்கும் மேல் ஃபிரேமில் எதுவும் வராது. அப்புறம் படம் முழுக்க முகம், முகத்துக்குப் பின்னால் மங்கல். அந்த வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம், கட்டில் எந்தப் பக்கம் என்று பார்ப்பவருக்குக் கடைசி வரை தெரியாமலே போகிறது. எனக்கு வரும் ரஷ்ஷில் (வெட்டாத மூலக் காட்சிகளில்) இந்த மங்கல் பின்னணி நோய் மிக அதிகம். ஏபிஎஸ்-சி கேமராவில் பழகுவதற்கு 35 மி.மீ. எவ்வளவோ மேல். தனியாக வாங்கக்கூட வேண்டாம். கேமராவோடு வரும் 18–55 மி.மீ. ஜூம் லென்ஸை 35-இல் நிறுத்தி மேலே டேப் ஒட்டிவிட்டால் போதும். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு தன் பிற்காலப் படங்களை ஏறக்குறைய முழுவதுமாக ஒரே 50 மி.மீ. லென்ஸில் எடுத்தார். இங்கே பார்க்க வேண்டியது 50 என்ற எண்ணை அல்ல, ஒரே லென்ஸ் என்பதை. ஒரே லென்ஸோடு பழகினால் எத்தனை அடி தள்ளி நின்றால் எவ்வளவு வரும் என்பது கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். ஜூமைத் திருகிக்கொண்டே இருந்தால் கால் நகராது, கண்ணும் பழகாது.

கேமராவே இல்லை, போன்தான் இருக்கிறது என்றால்? பழகுவதற்கு அது தாராளமாகப் போதும், எல்லாவற்றையும் பூட்டி வைத்தால். தானியங்கி நிலையில் விட்டால், நடிகர் ஜன்னல் பக்கம் திரும்பியதும் வெளிச்சம் தானாக ஏறி இறங்கும். ஷட்டர் வேகமும் (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம்) மாறும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டின் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் 1/50 அல்லது 1/100 விநாடியில் நின்றால் தொல்லை இல்லை. 1/60-க்குப் போனால் திரையில் பட்டைகள் ஓட ஆரம்பிக்கும். இன்னொன்று, போனின் சொந்தக் கேமரா செயலி ஃபிரேம் வேகத்தை ஒரே சீராக வைத்திருக்காது. ஒலியைத் தனியாக எடுத்துச் சேர்க்கும்போது உதடு தப்பும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் ஓடும். ஷட்டர், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), வொயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) எல்லாவற்றையும் கையால் பூட்டலாம். ஆனால் போனின் முதன்மை லென்ஸ் முழு ஃபிரேம் கணக்கில் ஏறத்தாழ 24 முதல் 26 மி.மீ.; நெருங்கிப் போனால் மூக்கு பெரிதாகும். ஆகவே க்ளோஸ் பழக போன் நல்ல வாத்தியார் இல்லை. வைட், மிட், ஆட்களை இடம் மாற்றி நிறுத்துவது, திசைத் தொடர்ச்சி ஆகியவற்றுக்கு நல்லது.

நடந்துகொண்டே எடுத்தாலும் கேமராவை ஆடாமல் வைக்கும் கிம்பல் வாங்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, அதைக் கடைசியாக வாங்குங்கள். கிம்பல் கிடைத்த மறுநாளே எல்லா ஷாட்டும் ஒருவரின் பின்னந்தலையைத் தொடர்ந்து போகிறது. நிற்கவே தெரியாத ஷாட்டை எங்கே வெட்டுவது? அந்தப் பணத்தில், கேமராவைச் சீராகத் திருப்ப உதவும் திரவத் தலை உள்ள நல்ல டிரைபாட் ஒன்று வாங்கினால் பல வருடம் உழைக்கும்.

இரண்டாவது வழி, பிடித்த படத்தின் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு ஷாட் ஷாட்டாகத் திரும்ப எடுப்பது. இதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒழுங்காகச் செய்தால் கண் திறக்கும். ஒலியை அணைத்துவிட்டு ஒரு நிமிடக் காட்சியைப் பல முறை பார்க்க வேண்டும். காகிதத்தில் அறையின் தரைப்படம் வரைந்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமரா எங்கே நின்றது, எவ்வளவு உயரத்தில் நின்றது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று குறிக்க வேண்டும். பிறகு நண்பர்களை வைத்து எடுக்க வேண்டும். அப்போதுதான் தெரியும், நாம் கண் உயரம் என்று நினைத்த ஷாட் உண்மையில் மார்பு உயரத்தில் இருந்தது என்று. அழகாகத் தோன்றிய சஜஷன் ஷாட்டுக்காக (ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டும் ஷாட்) நடிகர்கள் இயல்பைவிட நெருக்கமாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள் என்று. உங்கள் அறையில் அந்தச் சுவர் இருக்காது, அந்த ஜன்னல் எதிர்ப்பக்கம் இருக்கும். அந்தத் தடங்கலில்தான் பாடமே இருக்கிறது: அதே உணர்வைத் தர வேறு எங்கே நிற்கலாம் என்று யோசித்தாக வேண்டும்.

காட்சியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். சண்டைக் காட்சி, மழைப் பாட்டு, மூன்று நிமிடம் வெட்டில்லாமல் ஓடும் ஒற்றை டேக் என்று போகிறார்கள். ஓர் அறையில் இரண்டு பேர் பேசும் காட்சி போதும். இறுதியாண்டுப் படத்தில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்கப்போகிறது. இந்த வழியின் எல்லையும் தெளிவு. கேமராவை எங்கே வைப்பது என்பதை வேறொருவர் முன்பே முடிவு செய்துவிட்டார். அவர் வேண்டாமென்று ஒதுக்கிய ஷாட்டுகள் எவை, ஏன் ஒதுக்கினார் என்பது திரையில் தெரியாது. ஆகவே வேறு வேறு மாதிரியான இரண்டு காட்சிகளை இப்படி எடுத்துப் பாருங்கள், பிறகு நிறுத்திவிடுங்கள். மேலும் மேலும் அதையே செய்கிறவர்களுக்கு நகல் எடுக்கும் திறமைதான் வளர்கிறது.

மூன்றாவது, படப்பிடிப்புகளுக்குக் கையாளாகப் போவது. தமிழ் சினிமாவில் ஒளிப்பதிவு இப்படித்தான் கை மாறி வந்திருக்கிறது. அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த பி.சி.ஸ்ரீராமிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள்தான் ஜீவாவும் கே.வி.ஆனந்தும் திருவும். வடபழனி, சாலிகிராமம் பக்கம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் விளம்பரப் படத்துக்கோ வெப் தொடருக்கோ சில நாள் போக முடியும். அங்கே கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது. கதை வரிசையில் எடுக்க மாட்டார்கள். ஒரு பக்கம் லைட் போட்டு முடித்தால் அந்தப் பக்கம் பார்க்கும் ஷாட் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் எதிர்ப்பக்கம் திரும்புவார்கள். மாணவர்கள் கேள்விக்கு ஒரு ஷாட், பதிலுக்கு ஒரு ஷாட் என்று மாறி மாறி எடுத்து அரை நாளைத் தொலைக்கிறார்கள். போதாததற்கு வெயிலும் மாறிவிடுகிறது. ஒளியைத் திருப்பிவிடும் தெர்மாகோல் பலகையை எந்தக் கோணத்தில் பிடித்தால் கண்ணில் உயிர் வரும், ட்ராலி போடும்போது தரையை எப்படிச் சமன் செய்வது, ஃபோகஸ் பிடிப்பவர் எத்தனை முறை டேப் பிடித்து அளக்கிறார், இதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். நல்ல ஒளிப்பதிவாளர் புது இடத்துக்கு வந்ததும் உடனே கேமராவைத் திறக்கச் சொல்ல மாட்டார். சும்மா சுற்றி நடப்பார், ஓரிடத்தில் உட்காருவார், எழுந்து வேறிடத்தில் நிற்பார். அதைப் பார்ப்பதே ஒரு படிப்பு.

ஆனால் நீங்கள் ஒரு ஷாட்டைக்கூடத் தீர்மானிக்கப் போவதில்லை. அன்று எடுத்தது எப்படி ஒட்டியது என்பதும் படம் வெளிவரும்வரை தெரியாது. ஒளிப்பதிவையே தொழிலாக எடுக்கப்போகிறவருக்கு இது கட்டாயம் நடக்க வேண்டிய பாதை. ஐந்து மாதத்தில் தானே ஒரு படம் இயக்க வேண்டியவருக்கு விடுமுறையில் சில நாள் போய்வந்தால் போதும்.

இங்கே கல்யாண வீடியோ வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருமானத்துக்காகப் போகும் மாணவர்கள் அதைத் தாழ்வாக நினைக்கிறார்கள், நினைக்க வேண்டாம். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கேட்டதும் முன்வரிசை முழுக்க எழுந்து நிற்கும். அட்சதை பறக்கும், யாரோ ஒரு மாமா மணமக்களுக்கும் கேமராவுக்கும் நடுவில் வந்து நிற்பார். இன்னொரு டேக் கிடையாது. யார் எங்கே எழுவார்கள், எந்த இடைவெளியில் மணப்பெண்ணின் முகம் தெரியும் என்று முன்கூட்டியே ஊகித்து அங்கே நிற்பவருக்குத்தான் ஷாட். அந்த முன்கணிப்பு கதைப்படத்துக்கும் அப்படியே உதவும். கெட்ட பழக்கமும் ஒட்டும்: எதையும் மெதுவோட்டத்தில் எடுப்பது. அதை மட்டும் மண்டபத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

உடனே இன்னொரு முழுக் குறும்படம் எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இடம் கேட்பது, சாப்பாடு, ஆட்டோ, கடைசி நேரத்தில் வர முடியாது என்று சொல்லும் நடிகர், இருட்டுவதற்குள் முடிக்கும் பதற்றம், இவையே நாளைத் தின்றுவிடும். ஷாட்டை யோசிக்க நேரம் மிஞ்சாது. தயாரிப்பை நிர்வகிக்கப் பழகலாம், அதுவும் தேவைதான். ஆனால் முதல் படத்தில் ஷாட் சரியாக வராததற்கு என்ன காரணமோ அதே காரணம் இரண்டாவது படத்திலும் அப்படியே காத்திருக்கும்.

யூடியூப் பாடங்கள்? எடுத்துச் சிக்கிக்கொண்ட பிறகு பாருங்கள், அப்போது ஒட்டும்.

என் தேர்வு நான்காவது வழி. ஒரே லென்ஸ், ஒரே இடம், இரண்டே ஆட்கள், எண்ணி எட்டு ஷாட்டுக்குள் ஒரு சிறு பயிற்சி. எடுத்த அன்றிரவே எடுத்தவரே உட்கார்ந்து வெட்டுவது. சரியாக வராத ஷாட்டை மட்டும் மறுநாள் அதே இடத்துக்குப் போய்த் திரும்ப எடுப்பது.

இது புதிதும் அல்ல. ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய மாஸ்கோவில், 1919-இல் தொடங்கிய திரைப்படப் பள்ளியில் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் பாடம் நடத்தியபோது கச்சா ஃபிலிமுக்குக் கடும் தட்டுப்பாடு. அவரது மாணவர்கள் ஃபிலிமே இல்லாத படங்களை நடித்துப் பழகினார்கள். ஒவ்வொரு துண்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முன்பே தீர்மானித்து மேடையில் செய்து காட்டினார்கள். ஃபிலிம் காலம் முழுக்க இந்தக் கணக்கு இருந்தது. 35 மி.மீ. ஃபிலிமில் 400 அடிச் சுருள் ஓடுவது நாலரை நிமிடத்துக்கும் குறைவு. ஸ்டார்ட் சொல்வதற்கு முன்னால் யோசித்துத்தான் ஆக வேண்டும். இன்று ஒரு மெமரி கார்டில் மணிக்கணக்கில் எடுக்கலாம் என்பதால் யோசிப்பது வெட்டும் நேரத்துக்குத் தள்ளிப்போகிறது. அப்போது யோசித்து என்ன பயன்? ஆகவே வரம்பை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். எட்டு ஷாட், ஷாட்டுக்கு இரண்டு டேக், அதற்கு மேல் இல்லை.

என்ன எடுப்பது என்று தேட வேண்டாம். ஒருவர் அறையில் சாவியைத் தேடுகிறார், பேச்சே இல்லை. பார்ப்பவருக்கு அறை புரிய வேண்டும், பதற்றம் புரிய வேண்டும், சாவி எங்கே இருக்கிறது என்பது அவருக்கு முன்பே நமக்குத் தெரிய வேண்டும். அடுத்த வாரம், தெருவிலிருந்து ஒருவர் வந்து படியேறி மாடி வீட்டுக் கதவைத் தட்டுகிறார். திரையில் இடமிருந்து வலமாக வந்தவர் கதவு வரை அந்தத் திசையைத் தொலைக்கக் கூடாது, படிக்கட்டு திரும்பும் இடத்தில் என்ன செய்வீர்கள்? நிறையப் பேருக்கு அங்கேதான் தட்டுகிறது. அதற்கடுத்து, டீக்கடை பெஞ்சில் இருவர்: ஒருவர் கொடுத்த கடனைக் கேட்கிறார், மற்றவர் பேச்சை மாற்றுகிறார். அதே வசனத்தை ஒரு முறை கடன் கொடுத்தவர் பக்கம் சாய்ந்தும், ஒரு முறை கடன்பட்டவர் பக்கம் சாய்ந்தும் எடுத்துத் தனித்தனியாக வெட்டிப் பாருங்கள். ஒரு சொல் மாறாமல் கதை யாருடையது என்பதே மாறிவிடும். இந்த டீக்கடைப் பயிற்சியை மட்டும் செய்தாலே மாணவர்களின் ரஷ்ஷில், பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர் முகமும் வர ஆரம்பிப்பதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மிகப் பிடித்த மாற்றம் அது.

வெட்டும்போது ஒரு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஷாட் நன்றாக இருக்கிறது என்று எழுத வேண்டாம். வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் "இங்கே எனக்கு எந்த ஷாட் வேண்டியிருந்தது, கையில் இல்லை?" என்று மட்டும் எழுதுங்கள். கை க்ளோஸ், அவள் திரும்பிப் பார்ப்பது, வெறும் வாசல். மறுநாள் எடுக்க வேண்டிய பட்டியல் அதுவே. நாலைந்து பயிற்சிக்குப் பிறகு அந்தப் பட்டியல் எடுக்கும் இடத்திலேயே மனதில் ஓட ஆரம்பிக்கும். பாலு மகேந்திரா தன் படங்களுக்குத் தானே ஒளிப்பதிவு செய்து, தானே படத்தொகுப்பும் செய்தார். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து வந்தவர் அவர். எடுக்கும் கண்ணும் வெட்டும் கையும் ஒருவரிடமே இருந்ததால் வந்த சிக்கனத்தை அவர் படங்களில் காணலாம். வெட்டுவதற்குச் செலவும் இல்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே இதற்கெல்லாம் மிகையானது.

இந்த வழிக்கும் குறை உண்டு. லைட் போடுவது பற்றி இதில் அதிகம் வராது, பெரிய குழுவை வேலை வாங்கவும் பழக முடியாது. தனியாகச் செய்தால் தன் குறை தனக்கே தெரியாமலும் போகலாம். அதற்காகத்தான் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யச் சொல்கிறேன். இடையிடையே ஒரு வாரம் நீங்கள் எடுத்து நண்பர் வெட்டட்டும், அடுத்த வாரம் மாறிக்கொள்ளுங்கள். "இந்த ரெண்டும் ஒட்டலடா, நடுவுல ஒண்ணு எடுத்திருக்கலாம்ல" என்று வெட்டுகிறவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது உறைக்காது.

ஆக, இயக்கப்போகிறவர் என்றால் மாதங்களில் பெரும்பகுதியைச் சிறு பயிற்சிக்குக் கொடுங்கள், நடுவில் இரண்டு காட்சிகளைத் திரும்ப எடுத்துப் பாருங்கள், விடுமுறையில் ஒரு படப்பிடிப்புக்குப் போய்வாருங்கள். ஒளிப்பதிவாளராகப் போகிறவர் என்றால் கணக்கைத் திருப்புங்கள்: படப்பிடிப்பு நாட்கள் அதிகம், பயிற்சி கொஞ்சம். ஆனால் பயிற்சியில் எடுத்ததை வெட்டி ஒட்டிப் பார்க்காமல் விடவே கூடாது.

கேமராவுக்கென்று சேர்த்த பணத்தை வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம். இறுதியாண்டுப் படத்துக்கு எந்தக் கேமராவை எடுக்கப்போகிறீர்களோ அதையே, எந்த லென்ஸோ அதையே, படப்பிடிப்புக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். காட்சி நடக்கும் அதே வீட்டுக்கு, அதே நேரத்துக்குப் போங்கள். அங்குள்ள டியூப்லைட்டும் எல்இடி பல்பும் எந்த ஷட்டரில் பட்டை காட்டுகின்றன, எந்த ஐஎஸ்ஓவுக்கு மேல் இருட்டில் புள்ளி தெரிகிறது, சுவரிலிருந்து சுவருக்கு எவ்வளவு பின்வாங்க முடிகிறது, நாலு மணிக்கு மேல் ஜன்னல் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நடிகர் வர முடியாவிட்டால் நண்பரை உட்கார வையுங்கள். உங்கள் கதையின் மிகக் கடினமான காட்சியை எட்டே ஷாட்டில் எடுங்கள், அன்றிரவே வெட்டுங்கள். இல்லாமல் போன ஷாட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷாட் பட்டியலை அதற்குப் பிறகு எழுதினால் போதும்.